எண்ணெயில் மிதந்தது

எனக்குப் பிறகு அந்த ஆரம்ப சுகாதார நிலையத்தின் லேபுக்கு வந்த சசிகலா போன மாதம் போன் செய்தாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மைக்ராஸ்கோப்பைக் காட்டிப் பேசச் சொல்லியிருக்கிறார்களாம். அவளுக்கு அதில் அவ்வளவு பழக்கமில்லை. இப்போது சளியை ஒரு குப்பியில் அடைத்து இயந்திரத்துக்குள் வைத்தால், காசநோய்க் கிருமி இருக்கிறதா இல்லையா என்று அதுவே சொல்லிவிடுகிறது. பாகங்களையும் அவற்றின் வேலையையும் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் போதும் என்றாள். ஒரு பக்கத்தில் முடியாது என்று எனக்கு அப்போதே தெரியும். இருந்தாலும் சரி என்றேன். ரிட்டயர் ஆனவளிடம் யாராவது எதையாவது கேட்பதே அபூர்வம்.

பாடப்புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். படம் போட்டு ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் அம்புக்குறி விட்டிருக்கிறார்கள். எல்லாம் சரிதான். ஆனால் கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்க்கிற மாதிரி இருந்தது. யார் யார் என்று தெரிகிறது, யார் எப்படிப்பட்டவர் என்று தெரியவில்லை.

மேலே கண் வைக்கிற லென்ஸை நாங்கள் ஐபீஸ் என்போம். பத்து மடங்கு பெரிதாக்கும். அதோடு, பார்க்க வருகிறவர்களின் கண் மையையும் சேர்த்து வைக்கும். கீழே சுழலும் தலையில் மாட்டியிருப்பவை அப்ஜெக்டிவ் லென்ஸ்கள். அவற்றில் நீளமானது நூறு மடங்கு, அதுதான் எண்ணெய் லென்ஸ். அதற்கும் ஸ்லைடுக்கும் நடுவில் ஒரு சொட்டு எண்ணெய் இருந்தால்தான் வெளிச்சம் சிதறாமல் மேலே வரும். இல்லாவிட்டால் பனி மூட்டத்தில் தடா ரோட்டைப் பார்த்த கதைதான். ஸ்லைடு படுத்திருக்கும் இடம் மேடை. மேடைக்கு அடியில் கண்டென்சர், வெளிச்சத்தை ஒன்றுகூட்டி ஸ்லைடின் மேல் விழ வைப்பது அதன் வேலை. அதோடு ஒட்டியிருக்கும் டயாஃப்ரம் வெளிச்சத்துக்குக் கதவு. எல்லாவற்றுக்கும் கீழே இன்றைக்கு விளக்கு இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது வெயிலை மேலே திருப்பிவிடும் கண்ணாடிதான் இருந்தது. மேகம் வந்தால் நோயாளிகளை உட்காரச் சொல்லிவிட்டு நாங்களும் உட்கார்ந்திருப்போம்.

பக்கவாட்டில் இரண்டு திருகு. பெரியது மேடையைக் கண்ணுக்குத் தெரிய ஏற்றி இறக்கும். அவசரப்பட்டால் ஸ்லைடை உடைக்கும். சிறியது மயிரிழை அளவுக்கு நகர்த்தும். அதைப் பற்றிப் புத்தகத்தில் 'தெளிவாகக் காண உதவுகிறது' என்று ஒரே வரி. எனக்கு அங்கேதான் கோபம் வந்தது. அந்தச் சிறிய திருகு ஒரு குடும்பத்தையே தலைகீழாகத் திருப்பியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சென்னையில் ஒரு வருஷம் படித்தேன், நிறைய ஸ்லைடு உடைத்தேன், சர்ட்டிபிகேட் கொடுத்தார்கள். வேலை என்பது என்னவென்று தெரிந்தது வரதன் சார் எங்களுக்கு மேலதிகாரியாக வந்த பிறகுதான். அவர் லேப் சூப்பர்வைசர். கும்மிடிப்பூண்டிப் பக்கத்து லேப்களுக்கெல்லாம் முறைவைத்துப் போய், நாங்கள் பார்த்து முடித்த ஸ்லைடுகளை எடுத்து மறுபடி பார்ப்பார். நாங்கள் பாசிட்டிவ் என்றது பாசிட்டிவ்தானா, நெகட்டிவ் என்றது நெகட்டிவ்தானா என்று சொல்வார். தப்பாக இருந்தால் திட்டமாட்டார். எழுந்து நாற்காலியை நம் பக்கம் தள்ளிவிட்டு, ஜன்னல் பக்கம் போய் நிற்பார். அதற்குத் திட்டே தேவலை.

திருவள்ளூர்க்காரர். கோயில் கைங்கரியத்தில் இருக்கும் குடும்பம். அண்ணனும் தம்பியும் பெருமாளுக்குப் பக்கத்தில் நிற்க, இவர் மட்டும் நெற்றியில் திருமண்ணோடு பஸ் ஏறி வந்து ஊரார் சளியைப் பார்த்தார். வீட்டில் 'ஆபீஸ் போயிருக்கார்' என்பதோடு நிறுத்திக்கொள்வார்களாம். வீட்டு ஆசாரம் எதையும் லேபுக்குள் கொண்டுவரமாட்டார், மைக்ராஸ்கோப் விஷயத்தைத் தவிர. எண்ணெய் லென்ஸைத் துடைக்க ஒரு துணி, மற்ற லென்ஸ்களுக்கு வேறு துணி. ஒன்று மற்றொன்றின் மேல் பட்டுவிட்டால் இரண்டையும் குப்பையில் போடுவார். ஒவ்வொரு ஸ்லைடு முடிந்ததும் எண்ணெய் லென்ஸைத் துடைத்தாக வேண்டும். எண்ணெய் விடும் குச்சி ஸ்லைடைத் தொடவே கூடாது, மேலிருந்து சொட்டு விழ வேண்டும். கோயிலில் தீர்த்தம் கொடுக்கும்போது உத்தரணி நம் உள்ளங்கையில் படாமல் விடுவார்களே, அதே மாதிரி. அவர் எண்ணெய் விடுவதைப் பார்த்தால் நமக்குக் கை நீட்டத் தோன்றும்.

நாங்கள் அதைக் கிண்டல் செய்ததுண்டு. சார் வருகிற நாளென்றால் "இன்னிக்கு லேபுக்கு உற்சவம்" என்று எங்கள் நர்ஸ் சொல்வார்.

அவருடைய இன்னொரு வழக்கம், 'என்ன தெரிகிறது' என்று கேட்கமாட்டார். 'எங்க இருக்கு' என்றுதான் கேட்பார். எங்கள் பக்கம் இரும்பு உருக்குகிற இடங்கள் அதிகம். காலையில் மேசையைத் துடைத்தால் மத்தியானம் விரலால் கோலம் போடலாம். அந்தக் கரி லென்ஸில் உட்கார்ந்துகொண்டு கிருமி மாதிரி வேஷம் போடும். சார் சொன்ன முறை இது. கறுப்பாக ஏதாவது தெரிந்தால் முதலில் ஐபீஸைச் சுற்றிப் பார். அதுவும் கூடச் சுற்றினால் அழுக்கு ஐபீஸில் இருக்கிறது. ஸ்லைடை நகர்த்திப் பார். கூடவே நகர்ந்தால் ஸ்லைடில் இருக்கிறது. இரண்டுக்கும் அசையவில்லை என்றால் அப்ஜெக்டிவ் லென்ஸைத் துடை. எங்கே இருக்கிறது என்று தெரியாமல் என்ன என்று பேசுவது வம்பு என்பது அவர் கட்சி. வீட்டு விஷயங்களிலும் நான் பிறகு இதைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன், ஓரளவு பலித்தது.

தேவகி வந்தது இயந்திரம் வருவதற்கு முன்னால். ஊத்துக்கோட்டைப் பக்கத்து கிராமம். தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை, கான்ட்ராக்ட் ஆள். கைக்குழந்தைக்காரி. கணவர் லாரி டிரைவர், மாதத்தில் பாதி நாள் ஆந்திராவில் இருப்பவர். கான்ட்ராக்ட்காரர்கள் ஒரு தனியார் லேபைக் கூட்டிவந்து தொழிலாளர்களுக்குச் சளிப் பரிசோதனை முகாம் நடத்தியிருக்கிறார்கள். லேசாக இருமிக்கொண்டிருந்த இவளும் கொடுத்திருக்கிறாள். பாசிட்டிவ் என்று வந்துவிட்டது. மறுநாளே வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். வீட்டில் அதற்கு ஒரு படி மேலே போய், மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையில் அவளைப் படுக்க வைத்தார்கள். குழந்தையை நாத்தனார் எடுத்துக்கொண்டாள்.

முகாம் ரிப்போர்ட்டோடு அவள் எங்களிடம் மாத்திரைக்காக வந்தபோது குழந்தையைப் பிரிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. எங்கள் டாக்டரம்மா நிதானமானவர். காசநோய் இருந்தாலும் முகத்தில் துணி கட்டிக்கொண்டு பால் கொடுக்கலாம், பிரிக்க வேண்டியதில்லை என்று எடுத்துச் சொன்னார். வீட்டுக்கே ஆள் அனுப்பியும் சொல்லிப் பார்த்தோம். பாசிட்டிவ் என்ற வார்த்தைக்குப் பிறகு அவர்கள் காதில் வேறெந்த வார்த்தையும் ஏறவில்லை. தேவகி லேப் வாசலில் நின்றுகொண்டு என்னிடம் சொன்னது இது.

"மாத்திர எத்தினி வேணா துன்றேன் மேடம். கொளந்தைய எப்ப தூக்கலாம், அத்த மட்டும் சொல்லுங்க. பால் கட்டிக்கினு நெஞ்செல்லாம் கல்லு மாரி கீது."

புதிதாகச் சளி எடுத்துவரச் சொன்னேன். இரண்டு முறை எடுத்தாள், இரண்டு முறையும் பார்த்தேன். ஸ்லைடு முழுக்க நீலம். காசநோய்க் கிருமி இருந்தால் அந்த நீலத்தில் சிவப்புக் குச்சிகளாகத் தெரியும். ஒன்றுகூட இல்லை. ரிசல்ட்டைக் கொண்டுபோனால் டாக்டரம்மாவுக்குத் திருப்தியில்லை. இன்றைக்கு இல்லை என்றால் அன்றைக்கும் இல்லை என்று அர்த்தமில்லையே என்றார். நியாயம்தான். முகாமில் பார்த்த ஸ்லைடையே வரவழைத்து வரதன் சார் பார்க்கட்டும், அவர் பாசிட்டிவ் என்றால் அன்றைக்கே மாத்திரை தொடங்கிவிடலாம் என்று முடிவானது. முடிவு தெரிகிற வரை குழந்தையை வாங்க முடியாது என்பதுதான் தேவகிக்கு விளங்கிய ஒரே விஷயம்.

ஸ்லைடுப் பெட்டி வந்தது. வரதன் சாரும் வந்தார். தேவகியை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னேன்.

பெட்டியைத் திறந்ததுமே சாரின் முகம் சுருங்கியது. ஸ்லைடுகளை வைக்கும்முன் எண்ணெயை வடித்துவிட வேண்டும். இவற்றில் எண்ணெய் அப்படியே இருந்தது, கல்யாணப் பந்தியில் அப்பளம் மாதிரி மினுமினுப்பு. ஒவ்வொரு ஸ்லைடிலும் எண்ணெய்ப் பொட்டுக்கு நடுவில் சின்னக் கீறல். குச்சியால் தொட்டுத் தொட்டு எண்ணெய் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சார் மேசைத் துணியை விரித்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ரிப்போர்ட்டிலிருந்த நம்பரை வைத்துத் தேவகியின் ஸ்லைடை எடுத்து மேடையில் வைத்தார். எண்ணெய் விடவில்லை. இருப்பதே போதும் என்றார்.

கண்டென்சரை மேலே ஏற்றினார். டயாஃப்ரத்தைத் திறந்தார். குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

உட்கார்ந்து பார்த்தேன். சிவப்புக் குச்சிகள் இருந்தன. ஒன்று, தள்ளி இரண்டு, கொஞ்சம் நகர்த்தினால் இன்னும் ஒன்று. சந்தேகமே இல்லாத காசநோய்க் கிருமி. வெளியே பெஞ்சில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்பதை அந்த நிமிஷத்தில் எனக்கு நினைக்கவே பிடிக்கவில்லை. பாசிட்டிவ்தான் சார் என்றேன்.

"இருக்குன்னு எனக்கும் தெரியறது. எங்க இருக்குன்னு பாருங்கோ" என்றார்.

முதலில் புரியவில்லை. ஸ்லைடை நகர்த்தினேன், குச்சிகளும் நகர்ந்தன. ஸ்லைடில்தானே இருக்கின்றன என்றேன். அவர் என் தோளுக்கு மேல் கையை நீட்டிச் சிறிய திருகை லேசாகத் திருப்பினார். குச்சிகள் மங்கின. அவற்றுக்குக் கீழே சளியின் செல்கள், இவ்வளவு நேரம் நான் கவனிக்காமல் விட்டவை, விளிம்பு விளிம்பாகத் துலங்கின. மறுபடி எதிர்ப்பக்கம் திருப்பினார். செல்கள் கலங்கின, குச்சிகள் தெளிந்தன. நானே திருப்பிப் பார்த்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் தெளிவாக வரவே இல்லை. வேறு இடத்துக்கு நகர்த்திப் பார்த்தேன். அங்கேயும் அப்படித்தான். ஒருத்தியுடைய சளியில் இருக்கும் கிருமி அந்தச் சளியோடுதானே ஸ்லைடில் ஒட்டியிருக்க வேண்டும்? இவை அதற்கு மேலே ஒரு மாடி ஏறி நின்றன. குளத்துத் தரையில் கிடக்கும் கூழாங்கல்லையும் மேலே மிதக்கும் இலையையும் சேர்த்துப் பார்க்கிற மாதிரி.

"இது அவளோடது இல்லை. எண்ணெய்ல மிதக்கறது" என்றார் வரதன் சார். "முன்னாடி ஸ்லைடை தொட்ட குச்சியாலே இதையும் தொட்டிருக்கா."

சந்தோஷத்தில் எனக்கு எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. சார் ஓடுகிற ஆள் இல்லை. ஒரு கிருமிக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருந்தாக வேண்டுமே என்று சொல்லிக்கொண்டே, பெட்டியில் தேவகிக்கு முந்திய ஸ்லைடை எடுத்தார். அது நெகட்டிவ் என்று முகாமில் எழுதப்பட்ட ஸ்லைடு. சளியைத் தோசை மாவு மாதிரி தடிமனாக அப்பியிருந்தார்கள். நடுவில் பார்த்தால் ஒரே கருநீலம், வெளிச்சமே ஏறவில்லை. சார் பொறுமையாக ஓரத்துக்குப் போனார், மாவு மெலிந்திருக்கும் இடத்துக்கு. அங்கே கிருமிகள் கொத்துக் கொத்தாக இருந்தன. எண்ணி எழுதுகிற சிரமமே இல்லை. இந்தத் தடவை சிறிய திருகைத் திருப்பினால் செல்லும் கிருமியும் ஒன்றாகவே தெளிந்தன, ஒன்றாகவே மங்கின. தடித்த சளியில் புதைந்திருந்ததை அவர்கள் பார்க்கவில்லை. அதிலிருந்து கழன்று எண்ணெயோடு போனதை அடுத்த ஸ்லைடில் பார்த்துவிட்டார்கள்.

ஸ்லைடில் நம்பர்தான் இருந்தது, பெயர் முகாம்காரர்களிடம் இருந்தது. அவர்களுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. அதற்குள் தேவகியிடமாவது சொல்லிவிடலாம் என்று வெளியே போனேன். உனக்கு ஒன்றுமில்லை, அந்த ஸ்லைடில் இருந்தது உன்னுடையது இல்லை என்றேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும்தான். நர்ஸ் வந்து யாருக்கு என்னவோ என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கொஞ்சம் ஆறியதும், ஏன் என்று சொல்லாமல், முகாமில் வரிசையில் உனக்கு முன்னால் நின்றது யார் என்று ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"இன்னா மேடம் இப்டி கேக்குறீங்க. எங்க அண்ணிதான். கஸ்தூரி, எங்க வூட்டுக்காரரோட அக்கா. அவங்களும் அதே கம்பெனிதான, ரெண்டு பேரும் ஒண்ணாதான் போனோம்" என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அவங்களுக்கு ஒண்ணியும் இல்லன்னு வந்துச்சு. அதனாலதான் பாப்பாவ அவங்க வச்சிக்கினு கீறாங்க."

எனக்குப் பின்னால் கதவருகில் நின்ற வரதன் சார் திரும்பிப் போய்த் தன் பையை எடுத்துவந்தார். சூப்பர்வைசர் நோயாளி வீட்டுக்குப் போகிற வழக்கமில்லை. அதற்கு வேறு ஆட்கள் உண்டு. நான் அதைச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. டாக்டரம்மாவிடம் விவரம் சொல்லிவிட்டு மூன்று பேரும் ஷேர் ஆட்டோ பிடித்தோம். தேவகியிடம் விஷயத்தை வழியில் நான்தான் சொன்னேன். அதன் பிறகு அவள் டிரைவரிடம் வேகமாகப் போகும்படி சொல்லிக்கொண்டே வந்தாள்.

பின்னால் நடந்ததை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், யாரும் பதற வேண்டாம். குழந்தைக்கு நோய் வரவில்லை. வராமலிருக்க மருந்து கொடுத்தோம். கஸ்தூரி மாத்திரையை ஒருநாள்கூட விடாமல் சாப்பிட்டு முழுக்கக் குணமானாள். கான்ட்ராக்ட்காரர்கள் தேவகியைத் திரும்ப வேலைக்கு எடுக்கவில்லை. பாசிட்டிவ் என்பதை உடனே நம்பினவர்களுக்கு நெகட்டிவ் என்பதை நம்ப எங்கள் ஆபீஸ் முத்திரை போதவில்லை. அவள் வேறு கம்பெனிக்குப் போனாள்.

அன்றைக்கு நாங்கள் போய் இறங்கியபோது கஸ்தூரி வாசலில் உட்கார்ந்து குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி, பிள்ளையில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டு, தம்பி வீட்டில் இருப்பவள். ஒவ்வொரு வாய்க்கும் ஸ்பூனைத் தன் வாயருகே கொண்டுபோய், ஊதி ஊதி ஆற்றி, பிறகுதான் ஊட்டினாள். அவ்வளவு அருமையாக வளர்த்தாள். தேவகி ஆட்டோ நிற்பதற்குள் குதித்துவிட்டாள்.

கஸ்தூரி குழந்தையை இறுக்கிக்கொண்டு எழுந்தாள். "கிட்ட வராத சொல்லிட்டேன். ஒனக்குதான் கீது. எனக்கு ஒண்ணியும் இல்லன்னு பேப்பரே குடுத்துக்கீறாங்க" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்தது. கம்பெனித் தூசு என்றாள்.

நான் சொன்னேன். எண்ணெய், குச்சி, திருகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, சீட்டு மாறிவிட்டது, கிருமி இருப்பது உங்களுக்கு, அவளுக்கு இல்லை என்று மட்டும் சொன்னேன். சண்டை வரும் என்று பயந்தேன். வரவில்லை. அவள் என்னையும் திருமண் இட்ட சாரையும் மாறிமாறிப் பார்த்தாள். "அப்ப பாப்பாவுக்கு?" என்றாள். சோதிக்க வேண்டும், மருந்து இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்றேன். அவள் குழந்தையின் முகத்தைத் தன் முகத்திலிருந்து விலக்கிக் கைநீளத்துக்குப் பிடித்தாள். தேவகி வாங்கிக்கொண்டாள்.

குழந்தை வீறிட்டது. மூன்று வாரத்தில் அதற்கு அம்மா அந்நியமாகிவிட்டாள். இரண்டு கையையும் கஸ்தூரி பக்கம் நீட்டி, உடம்பை வில்லாக வளைத்து அழுதது. கஸ்தூரிக்கு ஓர் எட்டு முன்னால் வந்துவிட்டது கால். பிறகு, யாரும் சொல்லாமலேயே, முந்தானையை எடுத்து வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து கைபம்பு வரை போய் நின்றாள். அவள் தோள் குலுங்கியது தெரிந்தது, சத்தம் வரவில்லை. நான் பார்த்த எத்தனையோ நோயாளிகளில் அப்படி விலகி நின்றவர் வேறு யாருமில்லை.

தேவகி குழந்தையைத் தோளில் போட்டு நடந்துகொண்டே இருந்தாள். வெகுநேரம் கழித்து அழுகை விக்கலாகக் குறைந்தது. அப்போது அவள் கைபம்புப் பக்கம் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டினாலும் நான் தடுத்திருக்கமாட்டேன்.

"மேடம்," என்றாள், "அண்ணிக்கு மாத்திர இன்னிக்கே குடுத்துடுவீங்களா?"